சமரசம் படிக்க வருகிறீர்களா? நாட்டாமையை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்

பஞ்சாயத்து பேசுவதில் தனக்கு நல்ல கைராசி என்று நம்புகிறவர்கள்தான் சமரசப் பயிற்சிக்கு அதிகம் வருகிறார்கள். சொந்தக்காரர் வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைத்தவர், குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு கோஷ்டியைச் சேர்த்து வைத்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சிவில் கோர்ட்டில் பல வருடம் நின்று பேசிய வக்கீல். ஆரம்பத்தில் திணறுவதும் இவர்கள்தான். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு "இதுதான் நியாயம்" என்று சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்காது. சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. அதற்கு அவருக்கு அதிகாரமும் கிடையாது. இந்தப் படிப்பில் கடினமான பாடம் அதுதான். சட்டப் பிரிவுகளை ஒரு வாரத்தில் படித்துவிடலாம்.

சட்டக் கல்லூரி மாணவர், மனிதவளத் துறையில் இருப்பவர், இளம் வக்கீல், ஊரில் நாலு பேருக்கு உதவ நினைக்கும் தன்னார்வலர், யாராக இருந்தாலும் தமிழ்நாட்டில் இருந்தபடி எந்த வரிசையில் படிக்கலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில், முடிவு யார் கையில் என்று பாருங்கள்

தகராறு தீர்க்கும் வழிகள் பல. புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "கடைசி வார்த்தை யாருடையது?" என்று கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

பேச்சுவார்த்தையில் இரண்டு தரப்பும் நேரடியாகப் பேசி முடிக்கின்றன. சமரசத்தில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்து பேச உதவுகிறார்; ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் தரப்புகளின் இஷ்டம். நடுவர் முறையில், 1996-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, நடுவர் தருகிற தீர்ப்பு இருவரையும் கட்டுப்படுத்தும். 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் நடக்கும் மக்கள் நீதிமன்றத்தில், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு. ஆனால் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டபின் அப்பீல் கிடையாது. விபத்து இழப்பீடு, வங்கிக் கடன் வழக்குகள் அங்கே ஒரே நாளில் முடிவதைப் பார்த்திருப்பீர்கள்.

கட்டப் பஞ்சாயத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. 2011-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றே சொன்னது. பயத்தில் ஒருவர் போடும் கையெழுத்துக்கு சமரசம் என்று பெயர் வைக்க முடியாது.

தொழிற்சங்கப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு "12(3) ஒப்பந்தம்" பழகிய வார்த்தையாக இருக்கும். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில், தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் பேசி ஏற்பட்ட ஒப்பந்தம் அது. கையெழுத்துப் போட்ட சங்கத்தை மட்டுமல்ல, அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும் அது கட்டுப்படுத்தியது. தரப்புகள் தாங்களே வெளியில் பேசிப் போட்ட 18(1) ஒப்பந்தத்துக்கு அந்த வீச்சு இருக்கவில்லை. மூன்றாமவர் ஒருவர் உட்காருவதால் சட்டத்தின் பார்வையே எப்படி மாறுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

முதல் படி: பேச்சுவார்த்தையைக் கற்றுக்கொள்ளுங்கள்

சமரசம் என்பது இரண்டு பேரின் பேச்சுவார்த்தைக்கு உதவுவது. பேச்சுவார்த்தையே தெரியாமல் அதற்கு எப்படி உதவுவது? பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

கற்க வேண்டிய முதல் பாடம், ஒருவர் கேட்பதற்கும் அவருக்குத் தேவைப்படுவதற்கும் உள்ள இடைவெளி. கற்பனையாக ஒரு தகராறை எடுத்துக்கொள்வோம். அண்ணன் தம்பி இருவர். அப்பா காலமாகிவிட்டார். மூன்று ஏக்கர் நிலம், நடுவில் ஒரு கிணறு. இலவச மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. நிலத்தைப் பிரிப்பதில் தகராறு இல்லை. கிணறு யாருக்கு என்பதில்தான் ஒன்றரை வருடமாகப் பேச்சு இல்லை.

சமரசர் முன்னால் அண்ணன் சொல்கிறார்: "கிணறு எனக்கு வேணும். அதுல பேச்சே இல்ல."

நாட்டாமையாக இருந்தால் இந்த இடத்தில் "பெரியவர் நீங்க, விட்டுக் கொடுங்க" என்று ஆரம்பித்திருப்பார். சமரசர் கேட்பது வேறு: "சரிங்க, கிணறு உங்க கைக்கு வந்துருச்சுன்னே வச்சுக்குவோம். அதுக்கப்புறம் என்ன மாறும்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு: "ஆழப்படுத்தினது நான். மோட்டார் போட்டது நான். இவன் அப்பா சொத்துன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போறான்."

தம்பியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டால் வேறு கதை வருகிறது. "சித்திரை, வைகாசியில அண்ணன் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டா என் தென்னை என்னாகுங்க?" இதை அவர் அண்ணன் முகத்துக்கு நேராகச் சொன்னதே இல்லை. சொன்னால் அண்ணன் அப்படிச் செய்வார் என்று குற்றம் சாட்டியதாக ஆகிவிடும்.

கேட்டது கிணறு. தேவைப்பட்டது ஒருவருக்குச் செலவுக்கும் உழைப்புக்கும் அங்கீகாரம், இன்னொருவருக்குக் கோடையில் தண்ணீர் நிற்காது என்ற உத்தரவாதம். இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. கோர்ட்டுக்குப் போயிருந்தால் பங்கு எவ்வளவு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை (டிக்ரி) வரும், பிறகு ஆணையர் வந்து அளப்பார், பிறகு இறுதித் தீர்ப்பாணை. அத்தனைக்குப் பிறகும் சுவிட்ச் பயம் அப்படியேதான் இருக்கும்.

இரண்டாவது பாடம், பேச்சு முறிந்தால் கையில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுவது. பழைய பைக் விற்பவர் 38,000-க்குக் கீழே இறங்க மாட்டார். வாங்குபவர் 42,000-க்கு மேல் ஏற மாட்டார். அந்த நாலாயிரம் ரூபாய் இடைவெளிக்குள் எங்கே வேண்டுமானாலும் முடியலாம். விற்பவருக்கு 40,000 தர வேறொருவர் தயாராக இருந்தால் இடைவெளி பாதியாகிவிடும். எந்தப் பேச்சுக்குப் போகும் முன்பும் உங்கள் மாற்றுவழி என்ன, எதிராளியின் மாற்றுவழி என்னவாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நம்முடைய மாற்றுவழியைப் பெரிதாகவும் அவருடையதைச் சிறிதாகவும் எழுதுவது மனித இயல்பு. கோர்ட்டில் "கேஸ் நிச்சயம் ஜெயிக்கும்" என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நேரத்தில் நம்புவது இதனால்தான்.

இதற்குக் கட்டணமில்லாத வகுப்பறை வேண்டுமென்றால் பொள்ளாச்சி, மணப்பாறை மாதிரி ஒரு மாட்டுச் சந்தையில் ஒரு காலைப் பொழுது நில்லுங்கள். துண்டுக்கு அடியில் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவதைக் கவனியுங்கள். தரகர் ஒரு முறை விற்பவர் கையைப் பிடிப்பார், பிறகு வாங்குபவர் கையை. பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது, தரகர் சொல்லாத வரை எதிராளிக்கும் தெரியாது. எல்லார் முன்னாலும் விலை சொன்னால் பிறகு இறங்குவது கௌரவக் குறைச்சல்; துண்டுக்குள் இறங்கினால் யாருக்கும் தெரியாது. சமரச மையத்தில் ஏன் தனி அமர்வு வைக்கிறோம் என்பது அங்கே புரிந்துவிடும். ஒரு வித்தியாசம்: தரகருக்குக் கமிஷன் உண்டு, அதனால் வியாபாரம் முடிவதில் அவருக்கு ஆதாயம். சமரசருக்கு அது கூடாது.

இரண்டாம் படி: காதையும் வாயையும் பழக்குங்கள்

இதற்கு வகுப்பு தேவையில்லை, வீடு போதும். யாராவது கோபமாக ஒன்று சொன்னால், அதில் இருக்கும் சூட்டை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "அவன் ஒரு ஏமாத்துக்காரன், கூட்டு வியாபாரத்துல என் காசை அடிச்சுட்டான்" என்கிறார் ஒருவர். "போட்ட பணம் எங்கெங்கே போச்சுன்னு உங்களுக்குக் கணக்கு தெரியணும்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவர் "ஆமா, அதைத்தான் கேக்கறேன்" என்றால் நீங்கள் சரியாகப் பிடித்தீர்கள் என்று அர்த்தம். எதிராளியும் கணக்குக் காட்டுவதைப் பற்றிப் பேசலாம். ஏமாற்றுக்காரன் என்ற பட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. "இல்ல, நான் சொல்றது அது இல்ல" என்றால் இன்னும் நல்லது, அவரே திருத்துவார்.

கேள்விகளில் "ஏன்" என்பதைக் குறையுங்கள். "ஏன் வாடகை கொடுக்கல?" என்று கேட்டால் போலீஸ் ஸ்டேஷன் வாடை அடிக்கும். "எந்த மாசத்துலேர்ந்து சிக்கல் ஆச்சு?" என்றால் மனுஷன் பேசுவார்.

நம் ஊருக்கே உரிய இரண்டு பள்ளங்களைச் சொல்ல வேண்டும், வெளிநாட்டுப் பாடத்திட்டங்களில் இவை இருக்காது. ஒன்று, அழைக்கும் முறை. ஒரு தரப்பை "சார்" என்றும் மறு தரப்பை "வாப்பா, உட்காரு" என்றும் அழைத்தால் அந்த நிமிடமே உங்கள் நடுநிலை போயிற்று. வயதில் சிறியவராக இருந்தாலும் அறைக்குள் எல்லாரும் "நீங்க"தான். அதே போல ஒருவரை "அண்ணே" என்றால் மற்றவர் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். பெயரோடு "அவர்களே" சேர்த்தால் மேடைப் பேச்சாகிவிடும். இருவருக்கும் ஒரே "சார்", "மேடம்" பாதுகாப்பானது. இரண்டு, "உங்களுக்கு எந்தப் பக்கம்? சொந்த ஊர் எது?" என்று பேச்சுக்கொடுக்கும் பழக்கம். நீங்கள் நட்பாகக் கேட்டிருக்கலாம். சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்பதாகவே எதிரில் இருப்பவருக்குப் படும், பல நேரம் அது உண்மையும்கூட. கேட்காதீர்கள். தகராறுக்கு ஊர் சம்பந்தப்பட்டிருந்தால் அது தானாக வரும்.

மூன்றாம் படி: சட்டத்தைத் தேவையான அளவுக்குப் படியுங்கள்

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ம் பிரிவிலிருந்து தொடங்குங்கள். 1999-ல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டு, 2002 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. கோர்ட் ஒரு வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பும் அதிகாரம் இதிலிருந்துதான். பிரிவின் வாசகம் குழப்பமானது. படித்துவிட்டுத் தலை சுற்றினால் உங்கள் தவறில்லை. உச்ச நீதிமன்றமே 2010-ல் ஆஃப்கான்ஸ் வழக்கில் அதைத் திருத்தி வாசித்து, எந்த மாதிரி வழக்குகளை அனுப்பலாம், எவற்றை அனுப்பக் கூடாது என்று பட்டியல் போட்டது. அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். இந்தத் துறையில் ஒரே ஒரு தீர்ப்புதான் படிப்பேன் என்றால் அதைப் படியுங்கள்.

இதில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. கோர்ட்டோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதலில் வந்தது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், 2005 ஏப்ரல் 9-ல். அந்த நாளை இப்போதும் மாவட்ட கோர்ட்டுகளில் சமரச நாளாகக் கொண்டாடுகிறார்கள். மையத்தை உருவாக்குவதில் முன்நின்ற மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுதான், 2019 மார்ச்சில் அயோத்தி வழக்குக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த மூவர் குழுவிலும் இருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி கலிஃபுல்லா தலைமை. ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர் மூன்றாமவர். மூவருக்குமே தமிழ்நாட்டு வேர். அங்கே உடன்பாடு வரவில்லை, ஆகஸ்டில் விசாரணை தொடங்கி நவம்பரில் தீர்ப்பு வந்தது. சமரசம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று யாராவது வகுப்பெடுத்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப வழக்குகளில் ஆர்வமுள்ளவர்கள் 2013-ன் ஸ்ரீநிவாச ராவ் வழக்கைப் பார்க்க வேண்டும்; திருமணத் தகராறுகளைச் சமரசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அழுத்திச் சொன்ன தீர்ப்பு. வணிகப் பக்கம் போகிறவர்களுக்கு வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு. அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்கு என்றால் முதலில் சமரச முயற்சி செய்துவிட்டுத்தான் கோர்ட்டுக்கு வர வேண்டும். இது கட்டாயம் என்று 2022-ல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உறுதியானது. இதைத் தெரியாமல் வழக்குப் போட்டுத் தள்ளுபடி வாங்கும் வக்கீல்கள் உண்டு.

பிறகு 2023-ன் சமரசச் சட்டம். 120 நாளில் முடிக்க வேண்டும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மேலும் 60 நாள். அறைக்குள் பேசியது எதையும் பிறகு கோர்ட்டில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. கையெழுத்தான ஒப்பந்தத்தைத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம். மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், சமரசத்துக்கே உரியதல்லாத விஷயம் என்ற காரணங்களுக்காக மட்டுமே எதிர்க்கலாம். சமூக சமரசம் என்று தனி அத்தியாயம் இருக்கிறது: ஒரு பகுதியின் அமைதியைக் கெடுக்கும் தகராறுகளை மூன்று பேர் குழு பேசித் தீர்ப்பது. ஆனால் அந்த உடன்பாட்டைத் தீர்ப்பாணையாக நிறைவேற்ற முடியாது. சட்டம் முழுவதும் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை, 2023 அக்டோபரில் சில பிரிவுகள் மட்டும் வந்தன. அதனால் ஒரு பிரிவை மேற்கோள் காட்டும் முன் அது அமலில் இருக்கிறதா என்று அரசிதழ் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தை நம்ப வேண்டாம்.

கட்சிக்காரர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தியும் உண்டு. வழக்கு சமரசத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கோர்ட் அனுப்பாமல் தரப்புகளே வெளியில் பேசி முடித்தாலும் கிடைக்கும் என்று 2021-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு வேறு பாதை. 1988-ம் ஆண்டின் 72-ம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. சட்டம் குறிக்கும் தொகைக்கு உட்பட்ட பல தகராறுகள் முதலில் சபைக்குப் போயாக வேண்டும். அங்கே தீராவிட்டால் சபை தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றத்துக்கு வரலாம். உட்காருபவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள். சட்டத்தரணியாக இல்லாமல் இந்த வேலைக்கு வர விரும்புபவர்களுக்கு அங்கே வாசல் அகலம்.

நான்காம் படி: நடித்துப் பாருங்கள்

இதை வாசித்து மட்டும் கற்க முடியாது. உண்மையான சமரச அமர்வில் வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள், ரகசியம் அதன் உயிர். எனவே நடிப்புதான் வழி. நாலு பேர் சேருங்கள்: இருவர் தரப்பு, ஒருவர் சமரசர், ஒருவர் கவனிப்பவர். தரப்பாக நடிப்பவருக்கு ஒரு தனித் துண்டுச்சீட்டு கொடுங்கள். அதில் வெளியே சொல்லாத ஒரு காரணம் எழுதியிருக்க வேண்டும். மேலே சொன்ன கிணற்றுக் கதையையே வைத்துக்கொள்ளலாம். சீட்டில் இருப்பது வெளியே வந்ததா என்பதுதான் பரீட்சை.

சமரசராக நடிப்பவர் முதலில் அறிமுகம் சொல்ல வேண்டும். நான் நீதிபதி இல்லை, இங்கே பேசுவது வெளியே போகாது, எப்போது வேண்டுமானாலும் நீங்கள் எழுந்து போகலாம், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் அறுவை. பிறகு இருவரும் சேர்ந்த அமர்வு, தேவைப்பட்டால் தனித்தனி அமர்வு, மறுபடி சேர்ந்து. தனி அமர்வு முடியும்போது "இதுல எதை அவங்ககிட்ட சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" என்று கேட்கத் தவறாதீர்கள். ஒருவரோடு நாற்பது நிமிடம் இருந்துவிட்டு மற்றவரோடு பத்து நிமிடம் இருந்தால், வெளியே காத்திருந்தவர் மனதில் என்ன ஓடும் என்று யோசியுங்கள்.

கவனிப்பவருக்கு ஒரே வேலை. சமரசர் எத்தனை முறை யோசனை சொன்னார் என்று கோடு போட வேண்டும். ஆரம்பத்தில் தாள் நிறைந்துவிடும்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் நடித்துப் பழகுங்கள். மனைவி ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் கணவன் முகத்தைப் பார்க்கிறார், எல்லாவற்றுக்கும் "அவர் சொல்றபடி" என்கிறார். அடி உதை இருக்கும் வீடுகளில் இது நடக்கும். அங்கே சமரசத்தைத் தொடர்வது பலவீனமான பக்கத்தை இன்னும் நசுக்குவதாகும். அமர்வை முடித்துவிட்டுப் பாதுகாப்புக்கான சட்ட வழியைக் காட்டுவதே சரி. "சேர்த்து வச்சாச்சு" என்று பெருமைப்படும் ஆசை இந்த இடத்தில் ஆபத்தானது.

ஐந்தாம் படி: ஒப்பந்தம் எழுதப் பழகுங்கள்

கைகுலுக்கியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். "இருவரும் கிணற்றை ஒத்துழைப்புடன் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்" என்று எழுதினால் அடுத்த கோடையில் மறுபடி கோர்ட். இப்படி எழுதுங்கள்: கிணறு பொது. திங்கள் காலை 6 மணி முதல் வியாழன் மாலை 6 மணி வரை அண்ணன் முறை. அதிலிருந்து திங்கள் காலை 6 மணி வரை தம்பி முறை. ஆழப்படுத்தியதற்கும் மோட்டாருக்குமான செலவில் பாதியைத் தம்பி இன்ன தேதிக்குள் இரண்டு தவணையில் தர வேண்டும். மின் இணைப்பை இருவர் பெயருக்கும் மாற்ற இன்ன தேதிக்குள் மனு. வாய்க்கால் பாத்தியம், வண்டிப்பாதை எந்த வரப்பு வழியாக. மோட்டார் காயில் போனால் செலவு சரிபாதி.

இவ்வளவு எழுதியும் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? ஒருவர் முறையில் மும்முனை மின்சாரம் வரவே இல்லை என்றால்? விவசாயம் தெரிந்தவர் இதை உடனே கேட்பார். தெரியாத சமரசர் "இதுல எது எப்போ கெடும்?" என்று இருவரையும் கேட்டாலே போதும், அவர்களே சொல்லிவிடுவார்கள். நிலம் சம்பந்தப்பட்டதென்றால் பதிவு, முத்திரைத் தீர்வை பற்றி வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்து வாங்க வேண்டாம்.

எங்கே படிப்பது, எப்படி உள்ளே போவது

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு மாற்றுமுறைத் தீர்வு (வழக்காடாமல் தகராறு தீர்க்கும் வழிகள்) செய்முறைத் தாளாகவே இருக்கிறது. பல கல்லூரிகளில் அது ரெக்கார்டு நோட்டு எழுதுவதோடு முடிந்துவிடும். நோட்டை விட்டுவிட்டுப் போட்டிகளுக்குப் போங்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் சமரசப் போட்டிகள் இருக்கின்றன. பாரிஸில் பன்னாட்டு வணிக சபை ஆண்டுதோறும் நடத்தும் மாணவர் போட்டி உலக அளவில் பெயர் பெற்றது. போட்டியில் வாதத் திறமைக்கு மதிப்பெண் இல்லை, எதிராளியோடு சேர்ந்து வழி கண்டுபிடிப்பதற்குத்தான். வழக்காடு போட்டியில் பரிசு வாங்கியவர்கள் இங்கே சறுக்குவது சகஜம்.

கோர்ட் சமரசர் ஆக 40 மணி நேரப் பயிற்சிதான் அடிப்படை. உச்ச நீதிமன்றத்தின் சமரசத் திட்டக் குழு வகுத்த முறை இது. நடிப்புப் பயிற்சிதான் இதில் பெரும்பகுதி. பயிற்சி முடிந்த கையோடு சமரசர் ஆகிவிட முடியாது, உண்மையான வழக்குகளில் உட்கார்ந்து தேற வேண்டும். சென்னையில் உயர் நீதிமன்ற மையமும், மற்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்ற சமரச மையமும் விசாரிக்க வேண்டிய இடங்கள். கோர்ட் பட்டியலில் சேர அனுபவத் தகுதி கேட்பார்கள், எனவே நேற்று பதிவு செய்த வக்கீல் அவசரப்பட்டுப் பயனில்லை. தனியார் பயிற்சி என்றால் கொச்சியில் உள்ள இந்திய நடுவர் மற்றும் சமரச நிறுவனம் போன்றவை இருக்கின்றன. ஒரே வார இறுதியில் "சர்வதேசச் சான்றிதழ்" தருவதாக வரும் வாட்ஸ்அப் விளம்பரங்களில், நடிப்புப் பயிற்சி எத்தனை மணி நேரம், யார் பார்த்துத் திருத்துவார்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள்.

சட்டம் படிக்காதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப்பணிகள் குழுவிலோ சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். மனுவோடு வந்து நிற்பவர் முதல் பத்து நிமிடத்தில் என்ன சொல்கிறார், அதில் எதை விட்டுவிடுகிறார் என்பதை வேறெங்கும் இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது.

கடைசியாகப் பணம். கோர்ட் சமரச மையத்தில் கிடைக்கும் மதிப்பூதியத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. தனியார் வணிக சமரசத்தில் வருமானம் உண்டு, ஆனால் அங்கே பெயர் வாங்க வருடங்கள் பிடிக்கும். 2019 ஆகஸ்டில் இந்தியா உட்பட 46 நாடுகள் முதல் நாளிலேயே கையெழுத்திட்ட, நாடு விட்டு நாடு வணிக சமரச ஒப்பந்தங்களை நிறைவேற்ற வழி செய்யும் சிங்கப்பூர் உடன்படிக்கை முழுதாக இங்கே நடைமுறைக்கு வந்தால் எல்லை தாண்டிய வேலை கூடலாம். அதுவரை கையில் இருக்கும் தொழிலை விடாமல், வாரத்தில் ஒரு மாலை நாலு பேரோடு நடித்துப் பார்த்தபடி படியுங்கள். மனிதவளத் துறையிலோ, வங்கியிலோ, பள்ளியிலோ நீங்கள் இருக்கும் இடத்திலேயே அடுத்த வாரம் ஒரு தகராறு வரும், அதில் முதல் அரை மணி நேரம் யோசனை எதுவும் சொல்லாமல் உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.